கல் இல்லாமல் விழுந்த முத்திரை

இது நடந்தது. நடந்த இடத்தில் நானே உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. பேய் என்றால் நடுச்சாமம் வேண்டும், சுடுகாடு வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு நடந்தது பகலில், மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்கு முன்னால். அதனால் இன்றுவரை எனக்கு இருட்டைக் கண்டு பயமில்லை. பனி இறங்கும் பிற்பகலைக் கண்டால்தான் பயம்.

என் பெயர் தமயந்தி. பழனி அடிவாரத்தில் திருநீற்றுக் கடை வைத்திருந்த பொன்னுச்சாமியின் மகள். மதுரையில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல், சித்தப்பா கடையில் பஞ்சாமிர்த டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். 1958ஆம் வருஷம், ஐப்பசி மாதம். கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு, இங்கிலீஷ் படித்த, கண் நன்றாகத் தெரிகிற பெண் ஒருத்தி வேண்டும் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். கண் தெரிவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று அப்பா சிரித்தார். நான் மறுநாளே வத்தலக்குண்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்த அம்மாள் பெயர் மிஸ் பெல்லமி. எல்லோருக்கும் துரைசானி. கொடைக்கானலிலேயே பிறந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், எழுபதைத் தாண்டியவர். வீட்டைச் சுற்றிப் பெரணிச் செடி மண்டிக் கிடந்ததால் அதற்குப் பெரணி பங்களா என்று பெயர். தரை முழுக்க மரப்பலகை. ஒருவர் நடந்தால் வீடே கேட்கும். துரைசானியைத் தவிர அங்கே இருந்தவர் சமையல்காரர் மணியன் மட்டும்.

துரைசானியின் அப்பா ஐரோப்பாவில் அலைந்து சேர்த்த பழைய கற்கள் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் பெண் உருவங்கள். கிரேக்கத் தெய்வங்கள். சில கற்களில் உருவம் மேலே புடைத்திருக்கும். அதற்குக் கேமியோ என்று பெயர். மற்றவற்றில் உருவம் உள்ளே குழிந்திருக்கும். அது முத்திரைக் கல். வெறுமனே பார்த்தால் சரியாகப் பிடிபடாது. உருகிய அரக்கில் அழுத்தி எடுத்தால் முகம் எழுந்து வரும். இவற்றை எல்லாம் இங்கிலாந்தில் ஒரு காட்சிசாலைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று துரைசானிக்கு ஆசை. அதற்கு எந்தக் கல்லில் எந்தத் தெய்வம் என்று தெரிய வேண்டும். அவருக்கோ இரண்டு கண்ணிலும் புரை. நான் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்வேன். அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பெயர் சொல்வார்.

எனக்கு அந்த வேலை சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கையில் வேல் இருந்தால் முருகன், தும்பிக்கை இருந்தால் பிள்ளையார். இங்கேயும் அதே கணக்குதான். தலைக்கவசம் இருந்தால் அதீனா. நெற்றிக்கு மேல் பிறை இருந்தால் ஆர்ட்டெமிஸ். ஒருத்தி கிண்ணத்தில் பாம்புக்குப் பால் வைத்துக்கொண்டு நின்றாள். "நாகம்மா" என்றேன். துரைசானி இருமல் வரும்வரை சிரித்தார். அவள் ஹைஜியா, நோய்நொடி அண்டாமல் காப்பவளாம். இன்னொருத்தி தலையில் கோபுரம் வைத்திருந்தாள். அது கோபுரமில்லை, கோட்டை மதில். அவள் டைக்கி, ஊரைக் காப்பவள். "அப்படியென்றால் எல்லைக்காளி" என்றேன். "இருக்கட்டும், நீ டைக்கி என்றே எழுது" என்றார்.

அவரிடம் இருந்தது கறுப்பு அரக்கு, துக்கக் கடிதங்களுக்கு வைப்பது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் பழனியிலிருந்து சிவப்பு அரக்கு கொண்டுபோயிருந்தேன். அரக்கில் ஒரு தொல்லை உண்டு. கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். கல்லின் மேல் அப்பா கடைத் திருநீற்றைத் துளி தூவி அழுத்திப் பார்த்தேன். பிசிறில்லாமல் வந்தது. அதிலிருந்து எல்லாத் தெய்வத்துக்கும் திருநீறு பூசித்தான் அரக்கில் இறக்கினேன்.

பெட்டியில் ஒரே ஒரு குழி காலியாக இருந்தது.

அதற்குப் பக்கத்துக் குழியில் ஒரு கேமியோ. முக்காடு போட்ட பெண், கையில் பந்தம். "டெமெட்டர்" என்றார் துரைசானி. "பயிர்களின் தெய்வம். தொலைந்துபோன மகளைப் பந்தம் ஏந்தித் தேடுகிறாள்."

"பக்கத்தில் யார் இருந்தது மேடம்?"

"அந்த மகள். சிவப்புக் கல்லில், மாதுளை முத்து அளவு. திருடு போய்விட்டது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிச்சத்தை மணியன்தான் அடுப்படியில் வைத்துச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் சின்னத்தாயி என்று ஒரு பெண் வேலைக்கு இருந்தாள். மன்னவனூர்க்காரி. பதினாலு வயது. குளிர்காலத்துக்குத் துரைசானி மெட்ராஸ் புறப்பட்ட அன்று, பெட்டியைக் கட்டும்போது அந்தக் கல்லைக் காணவில்லை. கடைசியாகத் துடைத்து வைத்தவள் சின்னத்தாயி. துரைசானி அவளைத் திருடி என்று சொல்லிவிட்டார்.

"அழுதுச்சுங்க. 'நான் எடுக்கலம்மா, இங்கிட்டுத்தான் எங்கயாச்சும் கெடக்கும், தேடித் தாரேன்'னு சொல்லுச்சு. அப்புறம் ஆளக் காணோம். பயந்துக்கிட்டு ஊருக்கு ஓடிருச்சுன்னு நெனச்சோம். கார் வந்துருச்சு, வீட்டப் பூட்டிட்டுப் பொறப்பட்டுட்டோம்."

"ஊருக்குப் போனாளா?"

"போகலிங்க." மணியன் விறகைத் தள்ளிவிட்டார். "அவுக ஆத்தா இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெழமைல. பாப்பீங்க."

மறுநாள் பார்த்தேன். கருப்பம்மாள் பாதி தூரம் நடந்தும் மீதி தூரம் உருளைக்கிழங்கு லாரியிலுமாக மன்னவனூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பூண்டு கொண்டுவருவார். விற்றுவிட்டு நாலு மணி வாக்கில் பங்களாவின் பின்வாசலுக்கு வருவார். கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"எம்மக வந்தாளாய்யா?"

மணியன் இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தேநீர் கொடுப்பார். ஆறு வருஷமாக இப்படித்தானாம். முதல் வருஷம் முழுக்கப் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு சோலை சோலையாகத் தேடியிருக்கிறார். அதன் பிறகுதான் இந்த வாசல்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையில் அந்தக் கேமியோ இருந்தது. "யாரு தாயி இது, பந்தத்தோட?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். மகளைப் பாதாளத்து ராசா தூக்கிப் போனதை, தாய் ஊர் ஊராகத் தேடியதை, அதுவரை பூமியில் ஒரு பயிரும் முளைக்காமல் போனதை.

"மக கெடச்சாளா?"

"கெடைச்சா. ஆனா அங்க மாதுளம் முத்தத் தின்னுட்டா. அதனால வருஷத்துல பாதி நாள்தான் மேல வர முடியும்."

கருப்பம்மாள் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "பாதி போதுமே தாயி" என்றார்.

அவர் தானாகவே மேலே சொன்னார். "எங்காளுக என்னென்னமோ சொல்லுறாக. அவ இல்ல, கன்னியாயிட்டா, பாவாடை சட்டை எடுத்து வச்சுக் கும்புடு, அப்பத்தான் சின்னவளுக்குக் கல்யாணம் கூடி வரும்னு. உசுரோட இருக்கவளுக்கு எப்படித் தாயி கும்புடு போடுறது? களவாணின்னு சொன்னாகள்ல, அந்த வெக்கத்துல வர மாட்டேங்குறா. அம்புட்டுத்தான். தொரைசானி அந்தச் சொல்லத் திருப்பி வாங்கிட்டா வந்துருவா."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணைக் கன்னி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். புதுப் பாவாடையும் சட்டையும் எடுத்து ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். வருஷம் ஒரு தடவை எடுத்து மாற்றுவார்கள். அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் அவள் செத்துவிட்டாள் என்று பெற்றவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். கருப்பம்மாள் அந்தப் பெட்டியை வாங்க மறுத்தவர். அது ஒன்றைத்தான் அவர் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் என் பென்சில் தொலைந்தது.

மேசையிலிருந்து உருண்டு பலகை இடுக்கு வழியாகக் கீழே போய்விட்டது. தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவு இடம் உண்டு. மணியனிடம் எடுக்க முடியுமா என்று கேட்டேன். "போனது போனதுதாங்க. முன்ன முள்ளம்பன்னி உள்ள பூந்து குடும்பமே நடத்துச்சு. அதான் வராண்டாவுக்கு அடியில இருந்த ஓட்டையக் கல்லு வச்சுக் கொத்தனார விட்டு அடைச்சாச்சு" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பென்சில் மேசைமேல் இருந்தது.

ஒட்டடையும் தூசியுமாக. மணியன்தான் எப்படியோ எடுத்திருக்கிறார் என்று நன்றி சொன்னேன். அவர் என்னை விழித்துப் பார்த்தார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது அல்லவா.

புதன்கிழமை, மெழுகுவர்த்தித் திரி அணைந்த வாசனை. அந்த அறையில் மெழுகுவர்த்தியே கிடையாது. நான் அரக்கு உருக்குவது ஸ்பிரிட் விளக்கில். அதற்கு வேறு வாசனை. மேசைக்குக் கீழே குனிந்தால் வாசனை கூடியது. நிமிர்ந்தால் இல்லை.

வியாழக்கிழமை பிற்பகல். பனி ஜன்னலை மூடிவிட்டது. உள்ளே கணப்பு எரிந்ததால் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது. ஜன்னலின் கீழ்க் கண்ணாடியில் ஒரு கை பதிந்திருந்தது. சின்னக் கை. ஐந்து விரலும் விரிந்து. அக்கம்பக்கத்துக் குழந்தை யாரோ வெளியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்குச் சுத்தம் பார்க்கும் புத்தி. துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய், நன்றாக அழுத்தித் துடைத்தேன். திரும்பி வந்து பார்த்தேன்.

கை அப்படியே இருந்தது.

அது கண்ணாடியின் உள்பக்கம்.

நான் அதைத் துடைக்கவில்லை. ஸ்டூலை இழுத்து வேறு பக்கம் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டாமல் உட்கார்ந்து வேலை பார்த்தேன். துரைசானியிடம் சொல்லவில்லை. படித்தவள் இப்படிச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மணியன் சந்தைக்குப் போயிருந்தார். துரைசானி உள்ளே சுடுதண்ணீர்ப் பையைக் கட்டிக்கொண்டு தூங்கினார். மணி மூன்றே முக்கால். ஒரே ஒரு முத்திரைக் கல் பாக்கி. பிறை சூடிய ஆர்ட்டெமிஸ். அதை முடித்துவிட்டால் மறுநாள் ஊருக்குக் கிளம்பலாம். வெளியே எதுவும் தெரியவில்லை. மரம் இல்லை, வேலி இல்லை, வெறும் வெள்ளை.

அட்டையில் சிவப்பு அரக்கைச் சொட்டினேன். காசு அகலத்துக்குப் பரவியது. பின்னால் திரும்பி, பெட்டியிலிருந்து ஆர்ட்டெமிஸை எடுத்தேன். திருநீற்றைத் தூவினேன். அவ்வளவு நேரம்தான்.

திரும்பினேன்.

அரக்கில் முத்திரை விழுந்திருந்தது.

கல் என் கையில் இருந்தது.

வீட்டில் எழுந்து நடமாடியது நான் ஒருத்திதான். யாராவது நடந்திருந்தால் பலகை சொல்லியிருக்கும்... பலகை சொல்லவில்லை.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். பழக்கம் விடவில்லை. ஒரு சிறு பெண்ணின் முகம். பின்னல் அவிழ்ந்த கூந்தல். மார்புக்கு நேராக ஒரு கை எதையோ ஏந்தியிருந்தது. என்ன என்று தெரியவில்லை. அந்த இடத்தில் மட்டும் அரக்கு பிய்ந்திருந்தது. திருநீறு தூவாமல் அழுத்தினால் பிய்யுமே... அப்படி.

டொக்.

மேசையிலா, சுவரிலா, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

டொக்... டொக்...

திரி அணைந்த வாசனை.

பிறகு குரல். அழுது முடித்த குழந்தையின் மூக்கடைத்த குரல். மிக அருகில்.

"இருக்கு..."

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

"இருக்கும்மா... இருக்கு..."

ஸ்டூல் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. தள்ளியது நான்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

துரைசானி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்ன என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து அட்டைமேல் வைத்தேன். கட்டைவிரலால் தடவினார். கூந்தல், நெற்றி, மூக்கு. விரல் நின்றுவிட்டது.

"இந்தக் கல் எங்கே கிடைத்தது?"

"கிடைக்கவில்லை மேடம்."

"கையில் மாதுளை இருக்க வேண்டும். அது எங்கே?"

"அந்த இடம் பிய்ந்திருக்கிறது." என் குரல் எனக்கே வேறாக இருந்தது. "யார் மேடம் இவள்?"

"கோரே" என்றார். "அது பெயர்கூட இல்லை. அந்த மொழியில் கோரே என்றால் கல்யாணமாகாத பெண். அவ்வளவுதான்."

அப்போது பின்வாசலில் கருப்பம்மாளின் குரல் கேட்டது. "எம்மக வந்தாளாய்யா?" பதில் சொல்ல மணியன் இல்லை. நான்தான் போனேன். அட்டை என் கையிலேயே இருந்திருக்கிறது.

என் முகத்தைப் பார்த்ததுமே அவர் எழுந்துகொண்டார். மறைக்க எனக்குச் சக்தியில்லை. கேட்ட குரலைச் சொன்னேன்.

"இருக்கேன்னு சொன்னாளா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இல்லம்மா. இருக்குன்னு."

"இருக்கேன்னு சொல்லலையா?"

"இருக்குன்னுதான் ரெண்டு மூணு தடவ சொன்னா."

இருக்கேன் என்றால் உயிரோடு இருக்கிறாள். இருக்கு என்றால் என்ன? எது இருக்கிறது? இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் கண் அட்டைக்குப் போனது. "அதுல யாரு தாயி, புள்ள மாதிரி இருக்கே?"

துரைசானி சொன்ன சொல்லைத் தமிழில் சொன்னேன். வேறு சொல் எனக்குத் தெரியாது.

"கன்னி."

கருப்பம்மாள் அழவில்லை. வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார். தலையில் இருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "பேரச் சொல்லிட்டா" என்றார். "அவளே வந்து சொல்லிட்டா." ஆறு வருஷம் நடந்த களைப்பு முழுவதும் அப்போதுதான் அவர் உடம்பில் இறங்கியது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு ஒரு உறவும் இல்லாத பெண்ணுக்காக, பெற்றவளுக்குப் பதிலாக நான் அழுதேன்.

துரைசானி பின்னால் வந்து நின்றார். கருப்பம்மாள் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "அம்மா, எம்புள்ள களவாணி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. கன்னியானவளக் களவாணின்னு வச்சுக் கும்புட முடியாது."

துரைசானிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். உதடு அசைந்தது. "அந்தக் கல் கிடைக்கட்டும்" என்றார். கல்நெஞ்சம் என்று நான் அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் ஆறு வருஷத்துப் பாவமும் தன் தலையில் விழும் என்று பயந்திருக்கிறார்.

கருப்பம்மாள் என்னிடம் அந்த அரக்கைக் கேட்டார். அட்டையிலிருந்து பெயர்த்துக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு பனிக்குள் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை என்று மணியன் பிற்பாடு சொன்னார். அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.

நான் மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் மலையிறங்கிவிட்டேன். துரைசானி இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். எனக்குப் பழனியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பெரணி பங்களாவைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

1964, பங்குனி உத்திரம். அப்பா கடையில் நல்ல கூட்டம். காவடிகளுக்கு நடுவில் மணியன் நின்றுகொண்டிருந்தார். தலையெல்லாம் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கும்பிடவில்லை, சிரிக்கவில்லை.

"வீட்ட வாங்கினவுக சிமிண்டுத் தரை போடப் பலகையப் பேத்தாங்கம்மா" என்றார். "அந்தப் புள்ள அங்கதான் இருந்துருக்கு."

கூட்டத்தின் சத்தம் எனக்கு நின்றுபோனது.

கல் பலகை இடுக்கில் விழுந்திருக்கிறது. தேடித் தருகிறேன் என்று சொன்னவள், ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்கு அடியில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே தவழ்ந்திருக்கிறாள். கொத்தனார் வந்து அந்த ஓட்டையை அடைத்ததும் அதே நாள். வீடு பூட்டியாகிவிட்டது. கார் போய்விட்டது. தட்டியதைக் கேட்க யாரும் இல்லை.

"நாந்தான் கொத்தனாரு கிட்ட வெரசா முடின்னு சொன்னேன்" என்றார் மணியன். "மூணு மாசம் கழிச்சு வந்தப்ப ஏதோ செத்த வாடை அடிச்சுச்சு. முள்ளம்பன்னின்னு நெனச்சோம்மா." கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா தண்ணீர் கொடுத்தார். குடிக்கவில்லை.

அவளுடைய மூடின கைக்குள் சிவப்பாக ஒன்று இருந்ததாம். அது என்ன கல் என்று போலீசுக்குத் தெரியவில்லை. இந்தக் கற்களைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டதற்கு மணியன் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். மறுநாளே அவரோடு மலையேறினேன்.

ஸ்டேஷனில் கருப்பம்மாள் இருந்தார். மடியில் ஒரு தகரப் பெட்டி. அதிகாரி ஒரு தீப்பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தார். மாதுளை முத்து அளவு கல். பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். குழிந்த முகம், அவிழ்ந்த கூந்தல், ஏந்திய கை.

"இது யாரும்மா? என்ன சாமி?"

"கோரே" என்றேன். "கன்னி."

"கையில செவப்பா ஏதோ அடைச்சிருக்கே. ரத்தமா?"

நான் அதைப் பார்த்திருந்தேன். பார்த்ததை நம்பத்தான் நேரமாயிற்று. மாதுளை செதுக்கிய குழியில் மட்டும் அது ஒட்டியிருந்தது. ரத்தம் இல்லை. அரக்கு.

கருப்பம்மாள் பெட்டியைத் திறந்தார். மேலே மடிப்புக் கலையாத பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை. அடியிலிருந்து துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். நான் கொடுத்த அரக்கு. நடுவில் பிய்ந்த அதே இடம். கல்லை வாங்கி அதன்மேல் வைத்தேன். கல்லில் ஒட்டியிருந்த துண்டு அந்தப் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

ஓட்டையை அடைத்தது 1952இல். பலகையைப் பேர்க்கும்வரை அந்தக் கல் அவள் கையில்தான், அந்தக் கை தரைக்கு அடியில்தான். நான் அரக்கு வாங்கிப் போனது 1958இல். அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுத்தவள் கல்லை ஏன் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டாள்? துரைசானியின் கையில் அவளே கொடுத்தால்தான் திருடி என்ற பெயர் போகும் என்று காத்திருந்தாளோ என்னவோ.

"எம்புள்ள களவாணி இல்லைல்லய்யா?" என்று கேட்டார் கருப்பம்மாள்.

"இல்லம்மா" என்றார் அதிகாரி.

கருப்பம்மாள் தலையசைத்தார். கல்லைத் தொடவில்லை. அரக்கை மட்டும் எடுத்துத் திரும்ப முடிந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொன்னாளே தாயி" என்றார். "இருக்கு, இருக்குன்னு."